பதிவேட்டில் செல்லாத்தாள் பெயர்

7-1-2018: ரூ. 600
6-1-2019: ரூ. 600
5-1-2020: ரூ. 600
3-1-2021: ரூ. 600
2-1-2022: ரூ. 720
1-1-2023: ரூ. 720
7-1-2024: இல்லை
5-1-2025: ரூ. 1,440. வாங்கப்படவில்லை.

இவை செல்லாத்தாளின் சபைச் சந்தா. எழுதியவர் அவளுடைய அண்ணன் பூபாலன். வேலம்பாளையம் சபைக்கு 1993 முதல் அவர்தான் செயலாளர்.

அதற்கு முன்னும் பின்னுமாக முப்பத்து நான்கு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸ் பார்த்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை ஷிப்ட் என்பது அவர் எழுதியதுதான். ஒருவருக்கும் ஐந்து நிமிடம் கூட்டிப் போட்டதில்லை, குறைத்ததும் இல்லை.

சபையில் அவருக்கு மரியாதை வந்தது 2009-ல். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் ஆராதனையில் உலக முடிவுக்கு நாள் குறித்துச் சொன்னார். எல்லோரும் அழுதார்கள். பூபாலன் தேதியை எழுதிக்கொண்டார். அந்தத் தேதி போன மறு ஞாயிறு எழுந்து நின்று நோட்டைப் படித்துக் காட்டினார். சபை சிரித்தது. அந்தப் பிரசங்கியார் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து யார் பிரசங்கம் செய்தாலும் முன்வரிசையில் பூபாலனின் நோட்டு திறந்திருக்கும். மேடையில் நிற்பவர்கள் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசுவது அவருக்குப் பிடித்திருந்தது.

2023 ஆகஸ்டில் செல்லாத்தாள் வேறு ஒரு ஜெபக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். நூல் குடோனுக்கு மேலே இரண்டாவது மாடி. அங்கே ஜெபம் நடத்திய பிரதர், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றார். நோய் வந்தால் அது மறைத்து வைத்த பாவம் என்றார். செல்லாத்தாளுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

பூபாலன் மூன்று ஞாயிறு அங்கே போய்க் கடைசியில் உட்கார்ந்து எழுதினார். வேதத்துக்கு விரோதமாகப் பதினான்கு போதனைகள். பதினான்கும் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவைதாம். அவற்றை அவர் தங்கையிடம் போய்ச் சொல்லவில்லை. அவள் வீடு நான்கு தெரு தள்ளி. கமிட்டியில் வைத்தார். 22-10-2023 ஞாயிறு, அறிவிப்பு நேரத்தில் பதினான்கையும் படித்து, அவற்றைப் பின்பற்றுகிறவர் என்று செல்லாத்தாளின் பெயரையும் படித்து, அது நீக்கப்பட்டது என்றார். அவள் மகள் வினிதா மூன்றாம் வரிசையில் இருந்தாள். படித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு எழுந்து போனாள்.

பெயர் இல்லாதவருக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது.

2024 செப்டம்பரில் செல்லாத்தாளின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். உனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டு பிரதர் வருவதை நிறுத்தினார். அவள் மறுபடி மாத்திரை போட ஆரம்பித்தாள்.

5-1-2025 அன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். சந்தா மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றாள்.

"அண்ணா, ரெண்டு வருசத்துக்கும் இருக்குதுங்க."

"உம்பேரு நோட்டுல இல்லியே, செல்லாத்தா."

"எழுதிக்கங்க. அதுக்குத்தானுங்க வந்தேன். வர்ற மாசமாச்சும் திருவிருந்து வாங்கோணும்."

"கமிட்டிக்கு மன்னிப்புக் கடுதாசி குடுக்கோணும்."

"உங்ககிட்ட வாயில சொன்னாப் பத்தாதுங்களா?"

"எல்லாத்துக்கும் ஒரே முறைதான்."

பின்னால் நின்ற ஈஸ்வரமூர்த்தி, "பரலோக வாசல்ல பூபாலண்ணன உட்டா, சாவி வெச்சிருக்கற பேதுருகிட்டயே கேட் பாஸ் கேப்பாருங்க" என்றார். வரிசை சிரித்தது. பூபாலனும் லேசாகச் சிரித்தார். செல்லாத்தாள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வாக்கரைத் திருப்பினாள்.

முதல் கடிதம் 17-1-2025 அன்று வந்தது. பென்சிலில் நான்கு வரி. தேதி இல்லை. அதைச் சிவப்பு மையில் குறித்துத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது 6-2-2025. தேதி இருந்தது. 'நான் தப்புச் செஞ்சுட்டேன், என்னைச் சேத்துக்கங்க' என்று இருந்தது. எந்தப் போதனை தப்பு என்று இல்லை. பொதுவாக எழுதினால் நாளைக்கு இன்னொருவர் அதே மாடிக்குப் போவார் என்பது அவர் கணக்கு. அதையும் திருப்பினார்.

அந்த வாரமே வினிதா வந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். சுடிதாரில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னார். அவள் நின்றாள்.

"மாமா, அம்மாவுக்குக் காய்ச்சலு. காலு மறுக்காப் புண்ணாயிருச்சு. பாஸ் பண்ணி உட்ருங்க."

"நானா கண்ணு பாஸ் பண்றேன்? கமிட்டி."

"கமிட்டில நீங்க சொன்னா யாரு மாத்திப் பேசறாங்க? எங்க கம்பெனி செக்கிங்ல கோட ஒரே பீஸ ரெண்டு தடவ திருப்ப மாட்டாங்க."

"போதனை வெசயம் கண்ணு. பனியன் இல்ல."

"அந்த பிரதரு விசுவாசம் பத்தலன்னாரு. நீங்க கடுதாசி பத்தலைங்கறீங்க."

"ரெண்டும் ஒண்ணா?"

"அம்மாவுக்கு ஒண்ணுதானுங்க."

அவள் போனபின் அவர் நோட்டை எடுத்து, வினிதா வந்தாள் என்று எழுதினார். என்ன பேசினாள் என்று எழுதவில்லை.

ஆயர் அருள்செல்வன் அந்தச் சபைக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் ஆராதனை முடிந்ததும், "ஐயா, அந்த மாடிக்காரர் சொன்னது தப்புன்னு கண்டுபிடிச்சது நீங்கதான். அது பெரிய காரியம்" என்றார். பிறகு, "ஒரு தடவ அவங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்" என்றார்.

"கடுதாசி வரட்டுங்க, ஆயரே."

பிப்ரவரி முடியும்வரை மூன்றாவது கடிதம் வரவில்லை. பூபாலன் தினமும் தபால் நேரத்துக்கு வாசலில் நின்றார். நான்கு தெரு நடக்கவில்லை.

செல்லாத்தாள் 8-3-2025 சனிக்கிழமை காலை 10.40-க்கு ஆஸ்பத்திரியில் இறந்தாள். வயது 66. ஆயர் யாரையும் கேட்கவில்லை. மறுநாள் மாலை கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார். பூபாலன் முறைப்படி மூன்று கைப்பிடி மண் போட்டார். அழுகை வரவில்லை. பெட்டியின் நீளம் ஐந்தே முக்கால் அடி இருக்கும் என்று தோன்றியது. வினிதா குழிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

அடக்கப் பதிவேட்டை ஆயர் அவரிடம் நீட்டினார். பெயர், வயது, தேதி, நேரம் எல்லாம் எழுதினார். 'சபை உறுப்பினரா' என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஆம் என்றால் பொய். இல்லை என்று எழுதக் கை வரவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான். ஆயர் பார்த்தார். பதிவேட்டை மூடினார்.

அதன்பின் தபாலில் ஒரு உறை வந்தது. முகவரி வினிதாவின் கையெழுத்து. உள்ளே ஒரு துண்டுத்தாள்: 'அம்மாவோட மாத்திரைப் பையில் இருந்தது.' அதோடு மடித்த கடிதம், பென்சிலில்:

'2-3-2025. மாத்திரை சாப்பிடுவது பாவம் என்று நம்பினது தவறு. நோய் வந்தவர் எல்லாம் பாவம் செய்தவர் என்று நம்பினதும் தவறு. கமிட்டியார் என்னை மன்னிக்கணும். அண்ணனும். செல்லாத்தாள்.'

பூபாலன் இரண்டு முறை படித்தார். தேதி இருந்தது. போதனை இருந்தது. கையெழுத்து இருந்தது. திருப்பி அனுப்பக் குறை ஒன்றும் இல்லை. வழக்கம்போல உறையின் மூலையில் எழுதினார்: பெறப்பட்டது, 12-3-2025, புதன்கிழமை.