எல்லாருக்கும் ஐந்து

எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாததால் வீட்டிலிருந்த காகிதங்களெல்லாம் பொய் சொல்லின. ஆதார் அட்டையை நம்பினால் என் அம்மா என்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவள். அப்பாவை நைனா என்போம்; அவர் பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, நிலத்துப் பாஸ் புத்தகத்தில் வேறு மாதிரி. கேட்டதற்கெல்லாம் தலையாட்டி, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள். நான் எழுத்துக்கூட்டத் தொடங்கியதும் தெருவுக்கே காகிதம் படித்துச் சொல்பவன் ஆனேன். மண்டல் ஆபீசிலிருந்து, அதாவது எங்கள் ஊர்ப்பக்கத்துத் தாலுகா ஆபீசிலிருந்து, எது வந்தாலும் என் கைக்கு வரும். அப்போது ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு படிவம் கேள்வி கேட்டால் கடைசி வரி வரைக்கும் படித்து, உள்ளதை எழுதுவேன்.

அந்தப் பழக்கத்தால் ஒரு நல்ல ஆசிரியைக்குக் கிடைத்திருக்க வேண்டிய விருது கிடைக்காமல் போனது. அதைத்தான் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக அல்ல.

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டில் வேலை பார்க்கிறேன். திருப்பதியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இணையவழியில் பி.காம். படிக்கிறேன். மற்ற பாடங்களுக்கு ஸ்டூடியோவில் எடுத்த வீடியோக்கள் உண்டு. கோட்டு போட்ட சார், பின்னால் நீலத் திரை, ஓரத்தில் பல்கலைக்கழகச் சின்னம், நிற்காமல் ஓடும் சிலைடுகள். பார்த்து முடித்தால் வீடியோ முடிந்தது மட்டும் தெரியும்.

புள்ளியியல் மேடம் ஒப்பந்த ஆசிரியை. அவருக்கு ஸ்டூடியோ தரவில்லை. ஆறு மணி வகுப்புக்குத் தன் போனைக் கவிழ்த்து எதிலோ பொருத்தி, கீழே ஒரு நோட்டை விரித்து வைப்பார். எங்களுக்குத் தெரிவது அந்த நோட்டும் பேனா பிடித்த கையும்தான். மேடத்தின் முகத்தை நாங்கள் ஒரு வருஷமாகப் பார்த்ததில்லை. தெலுங்கில் ஒருமுறை சொல்வார், எல்லைப்புறத்துக்காரர்களான எங்களுக்காகத் தமிழில் ஒருமுறை, பரீட்சைக்காக ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை.

"திருமலையில ஒன்பது பேரு ஆளுக்கு இருபது மணி நேரம் க்யூவுல நின்னாங்க. சிபாரிசு லெட்டர் வெச்சிக்கினு ஒருத்தரு அரை மணியில சாமி பாத்துட்டு வெளிய வந்துட்டாரு. பத்து பேருக்கும் சராசரி இன்னா?"

போட்டுப் பார்த்துப் பதினெட்டு மணி சொச்சம் என்றோம்.

"சரி. இந்தப் பத்து பேர்ல பதினெட்டு மணி நேரம் நின்னவன் யாரு?"

எல்லாரும் கணக்கை மறுபடி பார்த்தோம்.

"ஒருத்தனும் இல்ல, இல்ல? அப்ப சராசரிய சொல்லி யாராவது ஏமாத்த வந்தா, பக்கத்துல இன்னொரு நம்பரும் கேளுங்கப்பா."

ஏழு மணிக்கு முடிய வேண்டிய வகுப்பு ஏழரை ஆகும், ஏழேமுக்கால் ஆகும். புரிந்தவர்கள் போகலாம் என்பார். புரியாதவர்கள்தான் முதலில் ஓடுவோம். நின்றால் கேள்வி கேட்பாரே. ஆனால் அவரிடம் அது செல்லாது. மறுநாள் காலை பத்தேகாலுக்கு, தொழிற்சாலையில் எங்களை டீக்கு விடும் நேரத்துக்குச் சரியாக, போன் வரும்.

"நேத்து ஓடிப் போய்ட்டியே, எந்த வரியில விட்ட?"

யாருக்கு எப்போது ஓய்வு என்று எல்லாருக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தார் போல. ஒருமுறை சரியான வரியைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டாவது வரி என்றேன். "அப்ப முதல் வரியே புரியல" என்று சிரித்துவிட்டு, கையில் டீயோடு நின்றவனுக்கு அங்கேயே சொல்லிக் கொடுத்தார். டீ ஆறியது, எண்கள் சராசரியைவிட்டு எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம், அவர் கேட்கச் சொன்ன அந்த இன்னொரு நம்பர், எனக்குப் புரிந்தது.

அந்த வருஷம் சிறந்த இணையவழி ஆசிரியருக்கு விருது தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எங்கள் வகுப்பு மேடத்தின் பெயரை அனுப்பியது. ஒப்பந்த ஆசிரியர் ஒருவரின் பெயர் போவது அதுவே முதல்முறை என்றார்கள். அடுத்த மாதம், ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒன்று முதல் ஐந்து வரை போட்டு மாணவர்கள் நிரப்ப வேண்டிய ஆங்கிலக் கருத்துப் படிவம் போனுக்கு வந்தது.

கூடவே எங்கள் வகுப்புப் பிரதிநிதியிடமிருந்து ஒரு செய்தியும் வந்தது. சித்தூரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், என் சிநேகிதன். "எல்லாரும் எல்லாருக்கும் அஞ்சு போட்டுடுங்க. படிக்கவே வேணாம், அஞ்சு அஞ்சுன்னு தட்டிக்கினே போங்க." எல்லா வகுப்பிலும் இதுதான் வழக்கமாம். யார் மனமும் நோகக் கூடாது, இண்டர்னல் மார்க்கில் யாரும் கை வைத்துவிடக் கூடாது.

நான் படித்தேன். மேடத்துக்கான பக்கம்: ஆசிரியர் குறித்த நேரத்தில் வகுப்பை முடிக்கிறாரா? இல்லை. ஒன்று. சிலைடுகள் பயன்படுத்துகிறாரா? இல்லை. ஒன்று. ஆங்கிலத்திலேயே நடத்துகிறாரா? நல்லவேளையாக இல்லை. ஒன்று. திரையில் முகம் தெளிவாகத் தெரிகிறதா? ஒன்று. கோட்டு போட்ட ஸ்டூடியோ சாருக்கு இதே கேள்விகளில் உள்ளதை எழுதினாலே எல்லாம் ஐந்து. மேடத்துக்கு ஏன் ஒன்று என்று விளக்கக் கடைசியில் ஒரு பெட்டி இருந்தது. அதில் இரண்டு பக்கத்துக்கு எழுதி ஒட்டினேன். தெருவுக்கே காகிதம் படித்த பையனுக்கு, எழுதியதை எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்ற நம்பிக்கை.

இரண்டு வாரம் கழித்துச் சிநேகிதன் போன் செய்தான்.

"லிஸ்ட் வந்துச்சுடா. மேடம் பேரு இல்ல. எல்லாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு. நம்ம மேடத்துக்கு மட்டும் எவனோ ஒரு மகானுபாவன் நாலு எடத்துல ஒண்ணு போட்டுக்கிறான்."

"நான்தான்."

"டேய், நீ இன்னா லூசாடா? மேடம்னா உயிரவுடுவியே!"

"கேள்வி அப்படி கேட்டாங்க. நான் உண்மைய போட்டேன்."

"ஆமா, பெரிய அரிச்சந்திர மகாராஜா. போய் அந்தம்மாகிட்ட சொல்லு."

மேடத்திடம் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். எங்கே என்று நைனா கேட்டார். ஒரு காகிதம் தப்பாய்ப் போய்விட்டது, சரிசெய்ய வேண்டும் என்றேன். நம் வீட்டில் அது புதுசா என்பதுபோல் பார்த்தார். "துன்னுட்டு போடா, ஆபீசுன்னா நாளெல்லாம் நிக்க வெப்பானுங்க" என்றார்.

நாளெல்லாம் நிற்க வைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் அந்தப் படிவங்களைக் கவனிக்கும் பிரிவின் அதிகாரி நல்ல மனிதர்.

"ஓ, அந்த ஒண்ணு நீதானா பாபு?" என்று சிரித்தபடியே கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். நான் இரண்டு பக்கம் எழுதிய பெட்டியில் இரண்டே வரிதான் இருந்தது. வகுப்பை நேரத்துக்கு முடிப்பதில்லை, சிலைடு காட்டுவதில்லை, முகமும் காட்டுவதில்லை, ஆனால். அதோடு வெட்டிவிட்டிருந்தது. அந்தப் பெட்டிக்கு அவ்வளவுதான் கொள்ளளவாம்.

அந்த இரண்டு வரியையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"பரவாயில்ல, வழி இருக்குது" என்றார் அதிகாரி. "ஆங்கிலம் புரியாம நிரப்பிட்டேன்னு ஒரு அர்ஜி எழுதிக் குடு. நான் மறுபடி திறந்து விடுறேன். எல்லாத்துக்கும் அஞ்சு தட்டிட்டுப் போ. உங்க மேடம் பேரு லிஸ்ட்ல ஏறிடும். ஃபைனல் கமிட்டி நாளைக்குதான்."

வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தார். பெஞ்சில் உட்கார்ந்து "எனக்கு ஆங்கிலம்" வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. வெளியே வந்து சிநேகிதனைக் கூப்பிட்டேன்.

"எழுதுடா! ஒரு வரி. யாரு படிக்கப் போறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்கன்னுதானேடா எங்க வீட்ல எல்லாம் பொய்யா எழுதி வெச்சிருக்காங்க?"

"டேய், இது உங்க வீட்டு ரேஷன் கார்டு இல்ல. மேடத்தோட விருது."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்குப் புரிந்திருந்தது. ஒவ்வொரு கேள்வியும் புரிந்தது. புரிய வைத்தவரே மேடம்தான். அவருக்குப் பெருமை வாங்கித் தர, அவரிடம் படித்தவன் ஒன்றும் புரியாத மண்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டுமா? அந்தத் தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வேறு தாள் வாங்கினேன்.

கேள்விகளை நான் புரிந்துகொண்டுதான் பதில் எழுதினேன், பதில்கள் உண்மை என்று தொடங்கினேன். நேரத்துக்கு முடிக்காததற்கும், நோட்டில் எழுதிக் காட்டுவதற்கும், மூன்று மொழியில் சொல்வதற்கும் காரணம் எழுதினேன். பத்தேகால் போனைப் பற்றி எழுதினேன், அதைக் கேட்கும் கேள்வி படிவத்தில் இல்லை என்றும் எழுதினேன். கடைசியில், எல்லா மாணவர்களும் எல்லா ஆசிரியர்களுக்கும் ஐந்து போட்டால் திட்ட விலக்கம் பூஜ்ஜியம், அந்த அளவுகோல் யாரையும் அளக்கவில்லை, எனவே அதைக் கொண்டு விருது கொடுப்பது செல்லாது என்று முடித்தேன்.

அதிகாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஆவாது பாபு. இத வெச்சிக்கினு நான் எதையும் திறக்க முடியாது."

"தெரியும் சார். வாங்கினதுக்கு இன்வர்டு நம்பர் போட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு படிவத்தையாவது முழுசாப் படிச்சுதான் நிரப்பினாங்கன்னு உங்க ஆபீசுல ஒரு காகிதம் இருக்கட்டும் சார்."

என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

விருது ஸ்டூடியோ சாருக்குப் போனது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் பத்தேகாலுக்குப் போன் அடித்தது. அதிகாரி எல்லாவற்றையும் மேடத்திடம் சொல்லியிருக்கிறார்.

"ஒரு வரி எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் மேடம். குரல் வகுப்புக் குரல் இல்லை. "அடுத்த நிரந்தர வேலை இண்டர்வியூவுக்கு அந்த ஒரு சர்டிபிகேட்டை எடுத்துக்கினு போலாம்னு இருந்தேன். எனக்காகப் போறேன்னு போய், உனக்காக எழுதிக் குடுத்துட்டு வந்துக்கிற."

பாதி உண்மை அது. இன்றைக்கும் அந்தப் பாதி வலிக்கிறது.

"அர்ஜி காப்பி இருக்குதா? படி."

டீ குடிக்கும் இடத்தில், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் படித்தேன். கூட வேலை செய்பவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். திட்ட விலக்கம் வந்ததும் மேடம் "நிறுத்து" என்றார். மறுபடி அந்த வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ம்" என்றார். பிறகு கேட்டார், "அடுத்த வருஷமும் படிவம் வரும். இதே வேலைதான் பண்ணுவியா?"

"ஆமா மேடம்."

"திமிரு." சிரித்தாரா என்று தெரியவில்லை. "அப்ப ஒண்ணு கேளு. சிலைடு காட்டலன்னு எழுதிக்கிறியே, படிவம் வர்றதுக்கு முந்தின மாசம் ரெண்டு காட்டினேன். நீ ஓடிப் போன அன்னைக்கு. உண்மைய எழுதுறேன்னு கிளம்பினா முழுசா எழுதணும்."

"அதுக்கு ரெண்டு போடுறேன் மேடம்."

"மூணு போடு" என்று போனை வைத்தார்.

இரண்டுதான் போடுவேன்.