ஜரிகைக்கு ஆகாத வாசனை

சாயம் தோய்த்த பட்டு நூல் காயும்போது ஒரு வாசனை வரும். கஞ்சித் தண்ணீரும் ஈர மண்ணும் கலந்த மாதிரி... அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு அது ஒன்றுதான் வாசனை. முன்னறையில் தறி. சோறு, தூக்கம், பேச்சு எல்லாம் அதைச் சுற்றித்தான்.

என் மனைவி சரசு, திருப்புட்குழியில் பூந்தோட்டம் வைத்திருந்தவர்களின் பெண். கல்யாணமாகி சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தவள் முதல் வாரம் முழுக்க மூக்கைச் சுளித்தாள். "இன்னாங்க, ஊடு பூரா கஞ்சி வாட அடிக்குது."

அந்த வருஷம் கருட சேவைக்குத் தெருவெல்லாம் கடை. எதை எடுத்தாலும் ஒரு ரூபாய் என்று ஒருவன் கூவிக்கொண்டிருந்தான். பீங்கான் குதிரை, சோப்பு டப்பா, எவர்சில்வர் கரண்டி... அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்த சரசு எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் மூடி போட்ட ஒரு கண்ணாடிக் கிண்ணம் எடுத்தாள். பக்கத்தில் கடை போட்டிருந்த ஆற்காட்டு பாயிடம், சுண்டுவிரல் அளவு சீசாவில் மல்லிகை அத்தர் வாங்கினாள். இரண்டையும் மடியில் கட்டிக்கொண்டு, கருடன் மேல் வந்த பெருமாளைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை.

ஜரிகைக்கு வாசனை ஆகாது. அத்தர், சென்ட் எது பட்டாலும் அதிலிருக்கும் வெள்ளி கறுத்துவிடும். தறிக்காரர் வீட்டில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். அதனாலேயே அவளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்பு.

ஐப்பசியில் ஒரு முகூர்த்தச் சேலை நெய்து முடித்தேன். அரக்குக் கலர், முந்தானை முழுக்க ஜரிகை. விடாத மழை... ஒரு வாரம் சேலை தகரப் பெட்டியிலேயே இருந்தது. கல்யாணப் பெண் கட்டப்போகிற சேலை கஞ்சி வாடையோடு போகலாமா என்று, அத்தரில் நனைத்த பஞ்சை சரசு மடிப்புக்குள் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது.

மழை விட்டதும் நெசவு கொடுக்கும் முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவர் பாயில் உட்கார்ந்து சேலையை விரித்தார். மல்லி வாசனை கூடமெல்லாம் பரவியது.

"ஏம்பா, பொண்ணு இத்த கட்டறதுக்கு முன்னாடி நீயே சென்ட் போட்டு ரெடி பண்ணிட்டியா" என்றார். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த மடிப்பை விரித்ததும் சிரிப்பு நின்றது. முந்தானையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு.

"யார் வேல இது?"

"என் வேலதாங்க."

ஒரு வருஷம் உனக்கு ஜரிகை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த சேலையின் கரையில் ஜரிகை ஓடாததை அவளே பார்த்து, தெருப் பெண்களிடம் கேட்டுக் காரணத்தையும் தெரிந்துகொண்டாள். தறி ஓரமாக நின்று, "நான் வாசன பாக்கப்போயி உங்க கைய கட்டிப்புட்டேன்" என்றாள். கிண்ணத்தையும் சீசாவையும் அன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் ஒரு ஊதுபத்தி கொளுத்தியதில்லை. தலையில் வைத்த பூவைக்கூட எடுத்துவிட்டுத்தான் முன்னறைக்கு வருவாள். "பூவால ஒண்ணும் ஆவாது சரசு" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்க மாட்டாள்.

போன தை மாதம் மகன் ஓரிக்கையில் வீடு கட்டி, தறியை அங்கே கொண்டுபோய்விட்டான். முன்னறை காலியானது. சரசு மட்டும் இன்னும் தறி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள்.

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை வந்திருக்கிறது. எதை எடுத்தாலும் தொண்ணூற்றொன்பது ரூபாய். உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டேன். மூங்கில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி, பூப்போட்ட பீங்கான் தட்டு, தாமரை மாதிரி விரிகிற விளக்கு... ராஜா வீட்டுச் சாமானெல்லாம் என்னைப் போன்றவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றிருக்கிறேன். ஒவ்வொரு சீட்டாகப் படித்துக்கொண்டே போனேன்.

கடைப் பெண் பின்னாலேயே வந்தாள். "தாத்தா, இன்னா தேடிக்கினு இருக்கீங்க?"

"ஒண்ணும் தேடலம்மா. எல்லாத்தையும் படிச்சிக்கினு வரேன்."

"அப்ப சாயங்காலம் ஆயிடும், டீ சொல்லட்டா?" என்று சிரித்தாள்.

ஒரு சீட்டில் 'மல்லிகை' என்று இருந்தது. சின்ன பாட்டில், கூடவே ஆறு குச்சி. கொளுத்த வேண்டாம், கரண்டு வேண்டாம். குச்சியை உள்ளே நட்டால் அதுவே எண்ணெயை உறிஞ்சி வாசனை விடுமாம். பட்டு நூல் கஞ்சி குடிக்கிற மாதிரிதான். நெருப்பும் புகையும் இல்லாமல், சத்தமே போடாமல் ஒரு வாசனை... உடனே வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வைத்ததும் சரசு கேட்டாள். "இன்னாங்க இது, பாட்டில்ல ஊதுபத்தி நட்டு வச்சிக்கிறீங்க? மொளைக்குமா?"

பிறகுதான் வாசனை அவளை எட்டியது. இரண்டடி பின்னால் போனாள். "ஜரிக..."

"தறி ஓரிக்கையில இருக்குது சரசு."

பாட்டிலை எடுத்துப்போய்ப் பின்கட்டில் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டாள். இந்த ஜென்மத்தில் இவளுக்கு வாசனை இல்லை என்று நினைத்தேன். வற்புறுத்தவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தூங்கி எழுந்தால், முன்னறை முழுக்க மல்லி. தறி இருந்த இடத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பாட்டில். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வெயில்ல வீணாப் போவுது, அதான்" என்றாள். கூடவே, "என் பட்டுப் பொடவ எல்லாத்தையும் உள் ரூமு பீரோவுக்கு மாத்திட்டேன்" என்றாள்.

அடுத்த வாரம் அவளே கடைக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நான் ஓரமாக நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தறி இருந்த காலத்தில் அண்டை வீட்டில் சாம்பிராணி போட்டால்கூட ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள், வாசனை உள்ளே வந்துவிடும் என்று.

இப்போதும் சாத்துகிறாள். காற்றுக்காக நான் திறந்தால், "மூடுங்க, இருக்கிற வாசன எல்லாம் ஓடிப்பூடும்" என்கிறாள்.