நாய்க்குச் சொன்ன சேதி

மார்கழி, தை இரண்டு மாதமும் எங்கள் வீட்டு நாய்கள் வெந்நீர் அடுப்புச் சாம்பலை விட்டு எழா. பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பனி அப்படி. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போய் வந்தால் சேலை முழங்கால்வரை நனைந்திருக்கும். மாசி பிறந்து குளிர் விட்டு, புங்கமரம் துளிர்க்கத் தொடங்கினால் இரண்டும் சாம்பலை உதறிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும். ஒன்று கருப்பு, ஒன்று செவலை. என் வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க சாமி, போலாம்" என்பார். மூவரும் வாய்க்கால் கரைமேல் போவார்கள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

எழுபதுகளின் நடுவில் கல்யாணமாகி வந்தேன். முதல் மாசியிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஊர்களில் சாமி என்பது யாரும் யாருக்கும் கொடுக்கிற சொல். மாமியார் என்னைச் சாமி என்பார், நான் பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையைச் சாமி என்பேன். இவர் மட்டும் என்னை "இந்தா" என்பார். அதையும் தூணைப் பார்த்துத்தான் சொல்லுவார். நாலு பேர் இருக்கிற வீட்டில் பெண்டாட்டியோடு பேசுவது அவருக்கு அவ்வளவு கூச்சம். நாய்களோடு என்ன கூச்சம்?

வேலூர் சந்தைக்குப் போனால் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிச் சட்டைப்பையில் போட்டு வருவார். எனக்கென்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சட்டையைத் துவைக்கிறவள் நான். பைக்குள் பொறைத்தூளைப் பார்க்கும்போதெல்லாம், சின்ன வீடு வைத்திருக்கிறவரின் சட்டையில் நீளமுடி கண்ட மாதிரி எனக்குப் பொறுக்காது. கல்லில் நாலு அடி கூடுதலாக அடிப்பேன்.

ஒருநாள் எங்கள் பண்ணையாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணன் நாயிங்ககிட்ட ஊட்டுக்கத பூராப் பேசிக்கிட்டே போறாருங்க அம்மிணி."

ஊட்டுக்கதையா? அந்த வீட்டில்தானே நானும் இருக்கிறேன்! அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன். "ஏனுங்க, காலைல நானும் வாரனுங்க."

"பொம்பளைக்கு அங்க என்ன சோலி? ஊரு சிரிக்கும்," என்றார் தூணிடம்.

சரி என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். மறுநாளிலிருந்து அவர் எழுவதற்கு முன்னே ராகிக்களியில் தயிர் ஊற்றிப் பிசைந்து, கருவாட்டுத் தலை போட்டு, இரண்டுக்கும் வைத்தேன். பொறை எங்கே, கருவாடு எங்கே? மாசி முடிவதற்குள் இரண்டும் என் காலடியை விட்டு நகரவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

ஒரு காலை அவர் கூப்பிட்டார். இரண்டும் வாலை ஆட்டின, என்னைப் பார்த்தன, எழவில்லை. பொறையை எடுத்துக் காட்டினார். அப்போதும் இல்லை. தனியாகப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்து காப்பியைக் குடித்தார். எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் தூணைப் பார்த்துச் சொன்னார்: "இந்தா, நீயும் வா. இல்லீன்னா இதுங்க வராது போல."

அவர் முன்னே, நாய்கள் நடுவில், நான் கடைசியில். மதகுவரை ஒரு பேச்சில்லை. பிறகு திரும்பாமலே சொன்னார்: "சாமி, கரை வழுக்குது. உங்கம்மாளப் பாத்து வரச் சொல்லு."

நாய்க்கு அம்மாவாக்கிவிட்டார்! கோபம் வந்தது. அதற்குள் அடுத்தது வந்தது. "கொடிக்கால அழிச்சுட்டு வாழக்கன்னு வெக்கலாமான்னு கேளு சாமி."

நானும் செவலையிடம் சொன்னேன். "காத்தடிச்சு வாழ சாஞ்சா என்ன பண்றதாம்? கரும்பே வெக்கச் சொல்லு."

கரும்புதான் வைத்தோம். அதன்பிறகு எந்த மாட்டை விற்பது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது, எல்லாம் அந்த இரண்டு தலைகளுக்கு மேலேதான் முடிவானது. பொறாமை மட்டும் போகவில்லை. யோசனை சொல்கிறவள் நான், சாமி என்ற பேர் நாய்க்கு.

எண்பதுகளில் கருப்பு முதலில் போனது. அடுத்த தையில் செவலையும் போனது. மாசி வந்ததும் அவர் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார், நானும் கிளம்பினேன். போட்டிக்கு யாருமில்லை, இனி என்னோடுதானே பேசியாக வேண்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். மதகு வந்தது. வாயைத் திறந்தார். எங்களுக்கு நடுவே இருந்த வெறும் தரையைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே. வீட்டிலும் "இந்தா"வோடு சரி.

கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக்கு நானே போனேன். "ஏனுங்க, ஒரு குட்டி குடுங்க" என்று கேட்டு வாங்கி, முந்தானையில் சுற்றிக்கொண்டு வரப்பில் வந்தேன். வழியில் காலில் வேலமுள் ஏறிவிட்டது.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் மடியில் குட்டியை வைத்தேன். அதன் காதைத் தடவிக்கொடுத்தார். பிறகு அதனிடம் கேட்டார்:

"ஏஞ்சாமி, உங்கம்மா நொண்டறாளே, கால்ல முள்ளா? காட்டச் சொல்லு."

நான் காலை நீட்டினேன். குட்டியை மடியை விட்டு இறக்காமலே முள்ளை எடுத்துவிட்டார்.