ஒருத்தர்

எழுபத்தொன்றாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு காலனிக்குப் போனேன். அப்போது நான் பள்ளி ஆசிரியர். வீடுகளைக் காட்ட, அங்கே ஜெபம் நடத்தும் உபதேசியார் கூட வந்தார். ஒல்லியான மனிதர், பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார்.

“இங்க கீறவங்க அத்தினி பேரும் கிறிஸ்தவங்க சார்” என்றார் பெருமையாக.

முதல் வீட்டில் மதம் என்ன என்று கேட்டேன். அந்த வீட்டுப் பெண் உபதேசியார் முகத்தைப் பார்க்கவில்லை.

“இந்துன்னு எழுதிக்கோ சார். கிறிஸ்தவன்னு தெரிஞ்சா பையனுக்கு எஸ்.சி. சர்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. ஆஸ்டல் போயிடும்.”

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பதில். எனக்கு அது வேடிக்கையாகிவிட்டது. பதில் தெரிந்தும், உபதேசியார் காதில் விழும்படி உரக்கக் கேட்டேன்.

கடைசியில் அவர் வீடு. அவர் வாய் திறக்குமுன் மனைவி சொன்னாள்: “எனக்கும் பசங்களுக்கும் இந்துன்னு போடு சார். இவருக்கு இன்னா வேணுமோ எழுதிக்கோ.”

“கிறிஸ்தவன்” என்றார் உபதேசியார், மெல்ல.

பஸ் நிற்கும் இடம் வரை என் பையை அவரே சுமந்து வந்தார்.

“கிறிஸ்தவங்க மொத்தம் எத்தினி பேரு சார்?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “ஒருத்தர்” என்றேன், சிரித்தபடி.

“ஞாயித்துக்கிழமை எல்லாரும் வருவாங்க சார்” என்றார்.

பஸ் வந்தது. நான் உட்காரும் வரை காத்திருந்து, ஜன்னல் வழியாகப் பையைப் பத்திரமாக நீட்டினார். அந்தப் பணிவு என்னை இன்றும் விடுவதில்லை.