செலீனின் இஞ்சிச் சட்டம்

கனடாவின் ஸ்காபரோவில் புட்டும் இடியப்பமும் அவித்து விற்கும் செலீனுக்குச் சட்டங்கள் அதிகம். மீன் தின்ற வயிற்றில் தயிர் சேரக்கூடாது. ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு நிற்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: மரவள்ளி சாப்பிட்டால் இஞ்சியைத் தொடக்கூடாது, தொட்டால் நஞ்சு. மன்னாரிலிருந்து வந்த பெட்டியில் எது தொலைந்ததோ தெரியாது, இந்தச் சட்டம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

"அப்பிடிச் செத்த ஆள் ஆர் எண்டு சொல்லும் பாப்பம்," என்பார் கணவர் இக்னேசியஸ்.

"செத்த ஆள் வந்து சொல்லுமோ?" என்பார் செலீன். அதற்குமேல் வழக்கு நடக்காது.

அப்படிப்பட்டவரிடம்தான் மகள் ஏஞ்சலா ஒரு மூட்டை மரவள்ளி மாவைக் கொண்டுவந்து இறக்கினாள். அமேசன் மழைக்காட்டில் ஆற்றங்கரைக் குடும்பங்கள் சேர்ந்து, கிழங்கைத் துருவிப் பிழிந்து வறுத்தெடுத்த மா. ஏஞ்சலா வேலை செய்த காடு காக்கும் அமைப்பு அதை வாங்க ரொறன்ரோவில் ஆள் தேடிக்கொண்டிருந்தது. நிலையாக வாங்க ஒருவர் கிடைத்தால், அந்தக் குடும்பங்கள் காட்டை வெட்டி மாட்டுப் பண்ணைக்காரருக்குக் கொடுக்காமல் அங்கேயே பிழைக்கலாம்.

செலீன் மாவை விரல்களுக்கிடையில் உருட்டினார், மணந்து பார்த்தார். "உது புட்டுக்கெண்டே செய்த மா," என்றார். தேங்காய்ப்பூ போட்டு அவித்துக் கடையில் வைத்த புட்டு மத்தியானத்துக்கு முன்பே முடிந்தது.

அந்த நாட்களில் ஆற்றங்கரைக் குடும்பங்களின் சார்பில் றைமுண்டா என்ற பெண் கனடாவுக்கு வந்தார். விடுவாரா செலீன்? மாதா கோயில் மண்டபத்தில் ஒரு மரவள்ளிப் புட்டு விருந்து வைத்தார். முக்கிய விருந்தாளி சச்சிதானந்தன். பிக்கரிங்கிலும் ஸ்காபரோவிலும் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் தலையாட்டினால் றைமுண்டாவின் ஊருக்கு ஒரு வழி பிறக்கும்.

சச்சிதானந்தன் இரண்டாம் தரமும் புட்டு வாங்கினார். செலீனுக்கு வயிறு குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து மூக்கில் ஒரு வாசம் ஏறியது. தேத்தண்ணி இக்னேசியஸின் பொறுப்பு. வெளியே பனி கொட்டுகிறதே என்று மனிதர் தாராளமாக இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். பாதிக் கோப்பைகள் காலியாகிவிட்டன.

"ஒருத்தரும் அந்தத் தேத்தண்ணியைக் குடியாதேங்கோ," என்றார் செலீன். "மரவள்ளிக்கு மேல இஞ்சி."

அதன் பொருளை அங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கோப்பைகள் மேசைக்குத் திரும்பின. பின்னாலேயே புட்டுத் தட்டுகளும் திரும்பின. சச்சிதானந்தன் நெஞ்சைத் தடவினார். "எனக்கு உள்ளுக்க ஏதோ செய்யுது அக்கா. இந்த மா எங்கட ஆக்களுக்குச் சரிவராது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். உயிரைக் காப்பாற்றப் போன வாய், வியாபாரத்தைக் கொன்றுவிட்டது.

றைமுண்டா ஏஞ்சலாவிடம் நடந்ததைக் கேட்டறிந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கோப்பையை எடுத்து மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத் தன் மொழியில் ஏதோ சொன்னார்.

"அம்மா, அவ சொல்லுறா," என்றாள் ஏஞ்சலா, "கிழங்கில நஞ்சு இருக்கிறது அவையளுக்கும் தெரியுமாம். அதைப் பிழிஞ்சு எடுக்கிறதுதான் அவையின்ர வேலையாம். லைக், எவ்ரி சிங்கிள் டே."

"அவ அந்த ஊர் ஆள், அவவின்ர உடம்புக்குப் பழக்கம்," என்றார் சச்சிதானந்தன்.

குப்பைக் கூடையில் கொட்டப்பட்ட புட்டை றைமுண்டா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்க்க செலீனுக்கு வெட்கமாக இருந்தது. தன் கடைப் புட்டை யாராவது இப்படிக் கொட்டினால் சும்மா விட்டிருப்பாரா? ஒரு தட்டுப் புட்டை எடுத்து எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, இஞ்சித் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

சச்சிதானந்தன் லேசில் மசியவில்லை. "நாளைக்குக் காலமை நீங்கள் கடை திறந்தால் பாப்பம்," என்றார்.

மறுநாள் செலீன் வந்தபோது, கடை வாசலில் சச்சிதானந்தனின் கார் நின்றது. இறங்கி வந்து செலீனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நித்திரை கொண்டனீங்களோ அக்கா?"

"வடிவாக் கொண்டன்," என்றார் செலீன். செபமாலையும் கையுமாக விடியும்வரை விழித்திருந்ததைச் சொல்லவில்லை.

"அப்ப ரெண்டு கடைக்கும் மாதாமாதம் மா அனுப்பச் சொல்லுங்கோ."

செலீனுக்குக் கண் கலங்கியது. மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பி, புட்டு அவித்து, தேத்தண்ணியும் ஊற்றி வைத்தார். சச்சிதானந்தன் கோப்பையைத் தொடாமல் மணந்து பார்த்தார். "இஞ்சி போட்டதோ?"

"இல்லை, எதுக்கும் இருக்கட்டும் எண்டு போடேல்லை," என்றார் செலீன். "றைமுண்டாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."