ஒன்றாம் தேதி, வாஷ்பேசினுக்குக் கீழே

பன்னிரண்டு நாளாக வாஷ்பேசினில் தண்ணீர் நின்றது. அப்பா சமையலறைக் குழாயில் ஒரு குவளை பிடித்து, ஜன்னல் கம்பியில் சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் சோப்பு நுரை முகத்துக்குப் பின்னால் அடுப்பு தெரிந்ததால் அக்கா கண்டுபிடித்தாள்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஒரு அடைப்பைக்கூடக் கவனிக்காத மனிதர் தனியாக எப்படி இருப்பார் என்றாள். அம்மா இறந்து அன்றைக்கு முப்பத்தாறாவது நாள். நான் போய் அப்பாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவது, அந்த வீட்டை வாடகைக்கு விடுவது என்று போனிலேயே முடிவு செய்தோம். திங்கட்கிழமை வீடு பார்க்க ஒருவர் வருவதாக ஏற்பாடு. நான் சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். அப்பா ஒரே ஒரு தடவை, "நான் இங்கேயே இருந்துக்கறேனே," என்றார். நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த பெட்டியை விரித்தேன். அவர் திரும்பச் சொல்லவில்லை.

பெட்டி கட்டுவதற்கு முன் அடைப்பை எடுத்துவிட நினைத்தேன். வருகிறவர் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டாம்.

நான் பம்புகளுக்கு சீல் வடிவமைக்கிறவள். தண்ணீர் கசியாமல் நிறுத்துவது என் பிழைப்பு. ஆனால் எங்கள் வாஷ்பேசினுக்கு அடியில் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. அது அம்மாவின் இடம்.

அம்மா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடம் கண்ணாடிக் குழாய்கள் கழுவினாள். பதவியின் பெயர் உதவியாளர். செய்தது கழுவுவது. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாக வழியும். அழுக்கு இருந்தால் முத்து முத்தாக நிற்கும். வீட்டிலும் அதே கண்தான். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். ஒரு முத்து நின்றாலும் கழுவினவர் கைக்கே திரும்பி வரும். கழுவினவர் பெரும்பாலும் அப்பா. அவர் அவளுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றைக்கு லீவு என்று முன்கூட்டியே சொன்னால் அன்றைக்கு மட்டும் நிம்மதியாகத் தண்ணீர் குடிப்பேன் என்பார்.

அப்பா பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டி நேரம் அறிவித்தவர். வாய் அவருடையது, கை அம்மாவுடையது. வீடு அப்படித்தான் ஓடியது.

ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி அம்மா வாஷ்பேசினைத் திறப்பாள். அடைத்த பிறகு திறப்பது அவளுக்குக் கேவலம். ஆசிட் பாட்டிலை வீட்டுக்குள் விடமாட்டாள். எரிப்பது வேறு, எடுப்பது வேறு என்பாள். ஒரு முக்காலி, ஒரு வாளி, நுனி வளைத்த ஒரு கம்பி. கீழே வளைந்து நிற்கும் குழாய்க்கு ட்ராப் என்று பெயர். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கிச் சாக்கடை வாடையைத் தடுக்கும். முடியும் சோப்பும் சேர்வதும் அங்கேதான். அதன் இரண்டு பிளாஸ்டிக் நட்டுகளையும் கையால் கழற்றுவாள், கையாலேயே இறுக்குவாள். அதற்கு மேல் இறுக்கினால் வாஷர் பிதுங்கும் என்று நான் கல்லூரியில் படித்ததை அவள் விரல் முன்பே தெரிந்து வைத்திருந்தது.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒருமுறை, ட்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாளியில் பிடித்த அழுக்குத் தண்ணீரை நினைவில்லாமல் மேலே வாஷ்பேசினிலேயே கொட்டிவிட்டாள். கீழே குழாய் இல்லை. மொத்தமும் அவள் காலில். அப்பா கதவருகே நின்று நிலையத்துக் குரலில் அறிவித்தார்: "பயணிகள் கவனத்திற்கு. மேலிருந்து புறப்பட்ட தண்ணீர், இன்ஸ்பெக்டர் காலை வந்தடைந்தது." அம்மா ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். அடுத்த மாதம் ஒரு விதி வந்தது. முதலில் வாஷ்பேசின் ஓட்டையில் சிவப்புத் துணியைத் திணிக்க வேண்டும். பிறகுதான் கீழே கை வைக்க வேண்டும்.

சனிக்கிழமை, நின்ற தண்ணீரை மொண்டு வெளியேற்றிவிட்டு, கீழ் அலமாரியைத் திறந்தேன். முக்காலி, வாளி, கம்பி, சிவப்புத் துணி, டார்ச். எல்லாம் அதனதன் இடத்தில். கூடவே, குழாயைப் பல்லால் கவ்வித் திருகும் ஒரு பைப் ரெஞ்ச். அம்மாவின் சாமான்களில் அது கிடையாது.

நட்டைக் கையால் திருப்பினேன். அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். நட்டைச் சுற்றிலும் ரெஞ்சின் பல் பதிந்திருந்தது. ஒரு தடவை பட்டதல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை. தேய்மானத்தை வைத்துக் காலம் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. புதிய தழும்புகள் கூர்மையாக இருந்தன. பழையவற்றில் உப்பு படிந்து வெளுத்திருந்தது. அந்த ஊர்த் தண்ணீரில் அவ்வளவு உப்பு படிய இரண்டு வருடமாவது ஆகும்.

அம்மாவுக்கு வந்தது நரம்பு நோய். முதலில் விரல்களின் பலம் போகும். மருத்துவர் அதற்குப் பெயர் சொன்னது பதினான்கு மாதத்துக்கு முன்பு. அதற்கும் பத்து மாதம் முன்பே அவளால் இந்த நட்டை இறுக்க முடியவில்லை. அந்தப் பத்து மாதமும் ஞாயிறுதோறும் போனில் எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்பாள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது அப்பா கதவருகே நின்றிருந்தார்.

"இதை யாருப்பா ரெஞ்ச் போட்டு இறுக்கினது?"

"நான்தான்."

"நீங்களா?"

"அவ முக்காலியில உட்கார்ந்து டார்ச் அடிப்பா. நான் கீழ படுத்துப்பேன். கையாலயே இறுக்குங்கன்னு திட்டுவா. எனக்கு ஒழுகிடுமோன்னு பயம். அவ அந்தப் பக்கம் திரும்பினதும் ரெஞ்சால ஒரு இழுப்பு."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல் என்றார். ஒரு மாதம் நட்டு அவள் கையில் வழுக்கியது. மறுமாதமும் வழுக்கியது. மூன்றாவது மாதம் அவரைக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றாளாம். எங்களிடம் மூச்சுவிடக் கூடாது என்று கண்டிப்பு. சொன்னால் இரண்டும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும், வந்து என்ன கிழிக்கப் போகிறார்கள், ஒரு டம்ளர் ஒழுங்காகக் கழுவத் தெரியுமா என்றாளாம்.

"அப்ப பன்னிரண்டு நாளா ஏம்பா அப்படியே விட்டீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. முக்காலியைப் பார்த்தார்.

"ரெண்டு கையும் நட்டுல இருக்கும்மா. டார்ச் பிடிக்க ஆள் இல்ல."

நெற்றியில் கட்டும் விளக்கு கடையில் கிடைக்கிறது. அலமாரிக்குள் ஒரு பல்பு மாட்ட அரை மணி நேரம் போதும். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன. சொல்லவில்லை. முக்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

அப்பா சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினார். டார்ச் மினுக்கியதால் நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது வாஷ்பேசினில் என்னவோ செய்தார். பிறகு மெதுவாக, பக்கவாட்டில் சரிந்து, கீழே படுத்தார்.

"மூஞ்சில அடிக்காதே. குழாயில அடி."

ரெஞ்சால் ஒரு இழுப்பு. பிறகு கையால். குழாய் இறங்கியது, வாளி பாதி நிறைந்தது. கம்பியை விட்டு இழுத்தார். சோப்பு ஊறிய ஒரு கயிறு மாதிரி வந்தது. அம்மாவின் நீள நரைமுடி, அதில் ஒட்டிய அவருடைய சவரத் துகள். அவர் அதைச் செய்தித்தாளில் கிடத்தினார். குப்பைக்கு மடிப்பதுபோல் மடிக்கவில்லை. ஓரங்களைச் சேர்த்து, கடிதம் மடிப்பதுபோல் மடித்தார்.

நான் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு எழுந்தேன். வாளியை எடுத்தேன். வாஷ்பேசினில் கொட்டினேன்.

கொட்டிய பிறகுதான் உறைத்தது. கீழே குழாய் இல்லை. ஓட்டைக்கு நேர் கீழே அப்பாவின் முகம்.

ஒரு சொட்டும் விழவில்லை. கலங்கிய தண்ணீருக்கு அடியில் சிவப்புத் துணி தெரிந்தது.

"கொட்டிட்டியா?" கீழேயிருந்து கேட்டார்.

"கொட்டிட்டேம்பா."

"பெரிய இன்ஜினியர்," என்றார். பிறகு, "நானும் ஒரு தடவை கொட்டினேன். அவ கால் மேலதான் விழுந்திருக்கும். துணி இருந்துது."

ட்ராப்பைக் கழுவி மாட்டினார். நட்டைக் கையால் இறுக்கினார். ரெஞ்ச் பக்கத்திலேயே கிடந்தது, அதைத் தொடவில்லை. துணியை உருவினேன். தண்ணீர் ஒரு சுழி சுழித்து, சத்தத்தோடு இறங்கிப் போனது. இணைப்புக்கு அடியில் காய்ந்த செய்தித்தாள் துண்டு ஒன்றை விரித்தார். கசிவு இருந்தால் தாளில் புள்ளி விழும். அரை மணி நேரம் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

அந்த அரை மணி நேரத்துக்குள் அக்காவை அழைத்து, திங்கட்கிழமை வருகிறவரை வர வேண்டாமென்று சொல்லச் சொன்னேன். அவள் கோபப்பட்டாள். விழுந்தால் யார் தூக்குவது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்றாள். எல்லாம் நியாயம். அதெல்லாம் இருக்கிறது, ஆனால் வாஷ்பேசின் அதில் சேராது என்றேன். இரண்டு வருடமாக அதைச் செய்தவர் அவர்தான் என்பதையும், அம்மா மறைத்ததையும் சொன்னேன். நான் வாளியைக் கொட்டியதையும் சொன்னேன்.

அக்கா கேட்டாள்:

"துணி இருந்துச்சா?"

"இருந்துச்சு. அப்பா வெச்சிருந்தார்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி. அவர் அங்கேயே இருக்கட்டும்," என்றாள்.

உள்ளே போனபோது அப்பா தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். புள்ளி இல்லை. திருப்பி இன்னொரு பக்கமும் பார்த்தார்.

"வர்ற ஒண்ணாந்தேதி என்ன கிழமை?"

"புதன்."

"உனக்கு ஆபீஸ் இருக்குமே."

"லீவு போட்டுட்டு வரேன்."

அவர் சிவப்புத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு ரெஞ்சைத் துடைத்து எடுத்துவந்து, நான் டேப் ஒட்டிவைத்திருந்த காலி அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். இதை மட்டும் நீ எடுத்துக்கொண்டு போ என்றார்.