இரண்டு ஸ்பேனரும் பூஜையில் இருந்தன

ஆயுத பூஜைக்கு சைக்கிளை வெளியே துடைத்தால் போதாது, உள்ளேயும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மாமா சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா அம்மாவின் தம்பி. சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். மராத்திக்காரர்கள் ஊரான போபோடியில் எங்களோடு தங்கியிருந்தார். சைக்கிளுக்குச் சொந்தக்காரரான அப்பா, கட்கி ஃபேக்டரியில் இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லை.

மாமா ஹேண்டிலை உருவினார். உச்சியில் லாக் நட், அதன் அடியில் வாஷர், அதற்கும் கீழே கோன் என்கிற திருகு வளையம். கோனைக் கழற்றியதுதான் தாமதம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கீழே இறங்கி, பேரிங் குண்டுகள் வாசலெல்லாம் சிதறி ஓடின. இத்தனை நாளும் ஹேண்டில் இவற்றின் மேல்தானா உருண்டுகொண்டிருந்தது! பொறுக்கிக் கழுவி, ஃபோர்க்குக்கு மேலும் கீழும் இருந்த, கிரீஸ் பூசிய கிண்ணங்களில் ஒவ்வொன்றாகப் பதித்தேன். கவிழ்ந்திருந்த கீழ்க் கிண்ணத்தில்கூட ஒரு குண்டும் விழாமல் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துக் கத்தியே விட்டேன்.

ராகுகாலம் வருகிறது என்று அம்மா விரட்டினாள். மாமா அவசரமாக எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, லாக் நட்டை மூச்சைப் பிடித்து இறுக்கினார். ஸ்பேனர்கள் குளித்து, குங்குமம் வைத்துக்கொண்டு, என் பள்ளிப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் சரஸ்வதி படத்தின் முன் போய்ப் படுத்தன. மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது. காலில் காகிதம் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் அம்மா. வேலைக்குப் போக வேண்டும் என்பதால் சைக்கிளுக்கு மட்டும் விலக்கு.

சாயங்காலம் அப்பா கிளம்பி ஹேண்டிலைத் திருப்பினார். அசையவில்லை.

"என்ன மாப்ளே, கட்கி வரைக்கும் வளைவே கிடையாதா?"

மாமாவின் முகம் சுருங்கியது. நட்டை இறுக்கியபோது கோனும் கூடவே சுற்றிக் குண்டுகளை நெரித்திருந்தது. கோனை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொன்றால் இறுக்கியிருக்க வேண்டும்.

ஸ்பேனர் இரவல் வாங்கிவர நானும் மாமாவும் சந்து முழுக்க ஓடினோம். எல்லா வீட்டிலும் அன்று பூஜை. பக்கத்து வீட்டில், நான் காக்கூ என்று கூப்பிடும் மராத்தி அத்தை, மாலை போட்ட சுத்தியலையும் ஸ்பேனரையும் காட்டி, "ஆஜ் நாஹீ ரே பாளா", இன்றைக்கு முடியாதுடா குழந்தை, என்றாள். சைக்கிள் கடைக்காரரும் செண்டுமல்லியைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். வெறுங்கையோடு திரும்பினால், அப்பா நடந்தே போவதாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நடந்தால் ஷிப்ட் சைரனுக்குள் போய்ச் சேர முடியாது, ஃபேக்டரி கேட்டை மூடிவிடுவார்கள்.

அம்மா உள்ளே போனாள். படத்தின் முன்னிருந்த இரண்டு ஸ்பேனரையும் எடுத்து, கண்ணில் ஒற்றி, மாமாவிடம் நீட்டினாள்.

மாமா கை நீட்டவில்லை. "அக்கா, படைச்சதாச்சே."

"சாமி கோவிச்சா என்னைக் கோவிக்கட்டும். நீ புடி."

மாமா கோனைச் சற்றுத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க, நான் ஹேண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு விரலால் தள்ளியதற்கே வழுக்கிக்கொண்டு திரும்பியது. சந்து முனையில் அப்பா வளைந்து மறையும்வரை கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

திரும்பி வந்தபோது ஸ்பேனர்கள் புதுக் குங்குமத்தோடு படத்தின் முன் இருந்தன. அம்மா கண்ணை மூடி நின்றிருந்தாள். சாமி நம்மை ஒன்றும் செய்யாதுதானே என்று மாமாவின் காதில் கேட்டேன். நம்மை ஒன்றும் செய்யாது என்றார். அந்தச் சந்தோஷத்தில் பொரியை அள்ளி அள்ளித் தின்றேன். அம்மா ஏன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை என்று யோசிக்க அன்று எனக்குத் தோன்றவே இல்லை.